பதவிப் பிரமாணமும் ஒற்றுமைப் பல்லவியும்

அமெரிக்காவில் நான்கு வருஷத்திற்கு ஒருமுறை ஜனவரி மாதத்தில் ஒரு பெரிய உற்சவம் நடைபெறுகின்றது. தேர்தலில் வெற்றி பெற்றவர் வாஷிங்டன் நகரத்துச் சட்டசபைக் கட்டடத்தில் நின்று, ஒரு கையை பைபிளின்மேல் வைத்து, மற்றொரு கையை உயரத் தூக்கிக் குடியரசுத் தலைவர் பதவிப் பிரமாணம் செய்து கொள்ளுகின்றார். பாண்டு வாத்தியம் முழங்குகின்றது. பாதிரிமார் ஆசீர்வாதம் செய்கின்றனர். பீரங்கி வெடிக்கின்றது. பிறகு தலைவரின் பிரசங்கம். வருகின்றவர் எந்தக் கட்சிக்காரராயிருந்தாலும், என்ன கொள்கைக்காரராயிருந்தாலும், அந்தப் பிரசங்கத்தில் தவறாமல் பாடுகின்ற பல்லவி ஒன்றிருக்கின்றது. "நமக்குள் பிரிவினை வேண்டாம், நாமெல்லோரும் ஒரே ஜனங்கள், இனி நல்ல காலம் பிறந்துவிட்டது" என்பதே அப்பல்லவியாகும்.

கடைசியாக இது பாடப்பட்டது 2025-ம் வருஷம் ஜனவரி 20-ந் தேதி. அன்று கடுங்குளிராயிருந்தபடியால் வெளிமேடையை விட்டுவிட்டுக் கட்டடத்தின் நடுமண்டபத்திற்குள்ளேயே சடங்கை முடித்தார்கள். இரண்டாம் முறையாகத் தலைவரான டிரம்ப், சமாதானம் செய்து வைத்தவர், ஜனங்களை ஒன்று சேர்த்தவர் என்று பேர் பெறுவதே தமக்குப் பெருமையாயிருக்கும் என்று பேசினார். பேசியது மத்தியானம். அன்று சாயங்காலமே, 2021 ஜனவரி 6-ந் தேதி அதே கட்டடத்தின் கதவையும் ஜன்னலையும் உடைத்துக்கொண்டு கூட்டம் உள்ளே புகுந்து, போலீஸ்காரர்களை அடித்து, தேர்தல் முடிவை எண்ணவிடாமல் தடுத்த வழக்குகளில் சிக்கியிருந்த சுமார் 1,500 பேருக்கு மன்னிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடிபட்டவர்கள் மன்னித்தார்களா என்கின்ற கேள்வியே அங்கு எழவில்லை. அடித்தவனை விட்டுவிடு, அடிபட்டவன் பொறுத்துக்கொள்ளட்டும் என்பதுதான் ஒற்றுமையானால், அவ்வொற்றுமையால் யாருக்கு லாபம் என்று கேட்கின்றோம்.

"அது அந்த ஆசாமியின் குணம், அவர் போய்விட்டால் எல்லாம் சரியாய்விடும்" என்று சொல்லுகின்ற நண்பர்கள் நமக்குப் பலர் இருக்கின்றார்கள். நல்லவர்கள்தான். ஆனால் அவர்களோடுதான் நாம் இன்று வழக்காட வேண்டியிருக்கின்றது. ஏனெனில், கோளாறு ஒரு ஆளிடத்தில் மாத்திரம் இல்லை. அந்தப் பல்லவியிலேயே இருக்கின்றது. கெட்டவர்கள் பாடினதால் வந்த கெடுதியைவிட நல்லவர்கள் பாடினதால் வந்த கெடுதி அதிகம் என்பதற்கு அந்த நாட்டுச் சரித்திரத்திலேயே ருஜு இருக்கின்றது.

1789-ம் வருஷம் ஏப்ரல் 30-ந் தேதி நியூயார்க் நகரத்தில் முதல் தலைவர் வாஷிங்டன் பிரமாணம் செய்தபோது அவரே பல அடிமைகளுக்கு எஜமானர். அடுத்த வருஷம் எடுத்த முதல் ஜனத்தொகைக் கணக்கில் அந்நாட்டு அடிமைகள் சுமார் 7 லட்சம் பேர். அரசியல் சட்டத்தின் முதல் வரியில் ஜனங்கள் எல்லோருடைய பேரையும் சொல்லிவிட்டு, பிரதிநிதி ஸ்தானங்களைக் கணக்குப் பண்ணும் இடத்தில் அடிமை ஒருவனை ஐந்தில் மூன்று பங்கு ஆளாக எண்ணவேண்டும் என்று எழுதினார்கள். அந்த மூன்று பங்காவது அவனுக்கு ஓட்டுக் கொடுப்பதற்காகவா? கிடையாது. அவனை வாங்கி வைத்திருந்தவர்களின் ராஜ்யத்துக்கு ஸ்தானம் அதிகமாகக் கிடைப்பதற்காக! இன்று பிரமாணம் நடக்கின்ற சட்டசபைக் கட்டடத்தைக் கட்டினவர்களிலேயே அடிமைகளும் உண்டு. கல் வெட்டினவன் அடிமை. கூலியை வாங்கி மடியில் கட்டிக்கொண்டவன் எஜமான். இந்தச் சங்கதியைச் சொல்லும் ஒரு கல்லை அங்கே வைப்பதற்கு 2012-ம் வருஷம் வரைக்கும் ஆயிற்று.

லிங்கன் காலத்துக்கு வருவோம். அவர் முதன்முறை பதவியேற்றது 1861 மார்ச் 4-ந் தேதி. (அக்காலத்தில் பதவியேற்பு மார்ச் மாதத்தில்தான்.) அதற்குள் தெற்கே ஏழு ராஜ்யங்கள் பிரிந்துபோய்விட்டன. லிங்கன் தம் பிரசங்கத்தில், அடிமை முறை எங்கெங்கே இருக்கின்றதோ அங்கெல்லாம் அதில் தாம் கை வைக்கப் போவதில்லை என்றும், நாம் ஒருவருக்கொருவர் விரோதிகள் அல்ல, சிநேகிதர்கள் என்றும் கெஞ்சாத குறையாகச் சொன்னார். 40 லட்சம் அடிமைகளின் வாழ்வை அடமானம் வைத்தாவது ஒற்றுமையை வாங்கிவிடலாம் என்பது அன்றைய எண்ணம். அதுவும் பலிக்கவில்லை. அடுத்த மாதம் 12-ந் தேதியே தெற்கத்தியார் பீரங்கியைத் திருப்பினார்கள். நான்கு வருஷ யுத்தத்தில் 6 லட்சத்துக்கு மேற்பட்ட சிப்பாய்கள் மாண்டார்கள்.

அந்த யுத்தம் முடிகின்ற சமயத்தில் 1865 மார்ச் 4-ந் தேதி அவர் இரண்டாம் முறை பேசினதுதான் பேச்சு. யார்மேலும் வன்மம் வேண்டாம், எல்லோரிடத்திலும் இரக்கம் காட்டுவோம் என்று அவர் முடித்த வாலை மாத்திரம் நறுக்கி எடுத்துக்கொண்டு, ஒற்றுமை வியாபாரிகள் இன்றைக்கும் மேடைக்கு மேடை விற்கின்றார்கள். அதே பேச்சின் நடுவில் அவர் ஒரு கணக்கு வாசித்ததை இவர்கள் சொல்லுவதில்லை. 250 வருஷமாகக் கூலியின்றி உழைத்தவனின் உழைப்பினால் சேர்ந்த சொத்தெல்லாம் அழிந்து, சாட்டையடியால் சிந்திய ஒவ்வொரு துளி ரத்தத்திற்கும் வாளால் சிந்தும் ரத்தம் ஈடாகும்வரை யுத்தம் நடக்கவேண்டும் என்பது விதியானால், அதுவும் நியாயமே என்று சொல்லிவிட்டுத்தான் வன்மம் வேண்டாம் என்றார். முதலில் கணக்கு, அப்புறம் இரக்கம். இன்னொரு வேடிக்கையும் அப்பேச்சில் உண்டு. இரு தரப்பாரும் ஒரே பைபிளை வாசித்து, ஒரே கடவுளைத் தொழுது, ஒருவருக்கு விரோதமாக ஒருவர் அவருடைய உதவியையே கேட்கின்றார்கள் என்று அவரே ஒப்புக்கொண்டார். வாதிக்கும் பிரதிவாதிக்கும் ஒரே வக்கீல் என்றால், அந்த வக்கீல் யாருக்காக ஆஜரானார் என்பதை அவர்களே சொல்லட்டும். நாற்பத்தொரு நாள் கழித்து லிங்கனைச் சுட்டுக் கொன்றார்கள்.

பிறகு கொஞ்ச காலம் நிஜமாகவே பொழுது விடிந்தது போலிருந்தது. அடிமைத்தனத்தை ஒழித்து 1865-லும், பிரஜா உரிமை கொடுத்து 1868-லும், நிறத்தைக் காரணமாக வைத்து ஓட்டை மறுக்கக் கூடாதென்று 1870-லும் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். மிஸிஸிப்பி ராஜ்யத்திலிருந்து ஹிராம் ரெவல்ஸ் என்னும் கருப்பர் 1870-ல் செனட் சபையில் உட்கார்ந்தார். இந்தச் செய்தியெல்லாம் கடல் தாண்டிப் புனாவுக்கும் எட்டி, 1873-ல் ஜோதிராவ் பூலே 'குலாம்கிரி' என்ற தமது புத்தகத்தையே, அடிமைகளை விடுவித்ததற்காக அமெரிக்க ஜனங்களுக்குக் காணிக்கையாக்கினார். தன் தேசத்துச் சூத்திரனுக்கும் ஆதி சூத்திரனுக்கும் அப்படி ஒரு நாள் வராதா என்கின்ற ஏக்கம் அதில் இருந்தது. அந்தக் காணிக்கையின் மை உலர்ந்து நான்கு வருஷம் ஆவதற்குள் அங்கே நடந்ததைக் கேளுங்கள்.

1876-ம் வருஷத் தேர்தலில் ஹேய்ஸ், டில்டன் இருவரில் யார் ஜெயித்தார் என்பதில் தகராறு வந்தது. தெற்கே மூன்று ராஜ்யங்களில் இரண்டு கட்சியும் தாங்களே ஜெயித்ததாகக் கணக்குக் கொடுத்தன. பதினைந்து பேர் கொண்ட ஒரு கமிட்டி போட்டு, எட்டுக்கு ஏழு என்று தீர்மானித்து, 185-க்கு 184 என்ற கணக்கில் ஹேய்ஸைத் தலைவராக்கினார்கள். தோற்ற தெற்கத்தியார் சண்டைக்கு வராமல் சும்மா இருந்துவிட்டார்கள். சும்மா இருப்பதற்கு அவர்களுக்குக் கிடைத்தது என்ன?

1877 மார்ச் 4-ந் தேதி ஞாயிற்றுக்கிழமையாய்ப் போனதால் (கர்த்தர் ஓய்ந்திருந்த நாளில் பிரமாணம் ஆகாதாம்!) ஹேய்ஸ் சனிக்கிழமையே வீட்டுக்குள் ரகசியமாக ஒருமுறை பிரமாணம் செய்துகொண்டு, திங்கட்கிழமை ஊரறிய மறுபடியும் செய்தார். அன்று அவர் பேசினதென்ன? நிறக்கோட்டை அழித்துவிடுவோம், வடக்கு ஒன்று, தெற்கு ஒன்று என்று இல்லாமல் ஒன்றுபட்ட ஒரே நாடாக இருப்போம் என்றார். கேட்கக் கேட்க இனிப்பாயிருந்திருக்கும். அடுத்த மாதம், ஏப்ரல் 10-ந் தேதி தென் கரோலினாவின் சட்டசபைக் கட்டடத்திலிருந்தும், 24-ந் தேதி லூயிஸியானாவின் சட்டசபைக் கட்டடத்திலிருந்தும் சர்க்கார் பட்டாளத்தை விலக்கினார். கருப்பன் ஓட்டுச்சாவடிக்குப் போய்த் திரும்பி உயிரோடு வீடு வருவதற்கு இருந்த காவல் அந்தப் பட்டாளம்தான். ஹேய்ஸ் கொடியவர் அல்ல. கருப்பரின் உரிமையைக் காப்போம் என்று தெற்கத்திப் பெரிய மனிதர்கள் கொடுத்த வாக்கை நம்பினார். நல்ல மனிதர் ஒருவர் ஒற்றுமையில் ஆசை வைத்துச் செய்த காரியம் அது.

அந்த ஒற்றுமையின் விலையை யார் கொடுத்தது என்பதை ஓட்டர் ஜாபிதாவைப் பார்த்தால் தெரியும். மிஸிஸிப்பியில் 1890-ல் புதுச் சட்டம் செய்தார்கள். ஓட்டு வேண்டுமானால் தலைவரி கட்டவேண்டும். அரசியல் சட்டத்தில் ஒரு பகுதியை வாசிக்கவேண்டும், அல்லது வாசிக்கச் சொல்லிக் கேட்டுப் பொருள் சொல்லவேண்டும். பொருள் சரியா தப்பா என்று தீர்ப்பளிக்கின்றவன் வெள்ளை அதிகாரி. வேதம் ஓதினால் குற்றம், ஓதத் தெரியாவிட்டாலும் குற்றம் என்ற கதையைக் கேட்டு வளர்ந்த நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லூயிஸியானாவில் 1898-ல் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். 1867 ஜனவரி 1-ந் தேதிக்கு முன் தகப்பனுக்கோ பாட்டனுக்கோ ஓட்டு இருந்திருந்தால் பேரனுக்குப் பரீட்சை கிடையாது என்றார்கள். அந்தத் தேதியில் அங்கே எந்தக் கருப்பனுடைய பாட்டனுக்கு ஓட்டிருந்தது? சட்டத்தில் கருப்பன் என்ற சொல்லே இல்லை. ஆனால் கருப்பனைத் தவிர வேறு யாரையும் அது பிடிக்கவில்லை. அந்த ஒரு ராஜ்யத்தில் 1896-ல் ஜாபிதாவிலிருந்த கருப்பர் 1,30,000-க்கு மேல். 1904-ல் 1,342 பேர். தனி வண்டி, தனிப் பள்ளிக்கூடம், தனித் தண்ணீர்க் குழாய். 1896-ல் சுப்ரீம் கோர்ட்டே தனி வண்டி நியாயம்தான் என்று தீர்ப்புச் சொல்லிற்று. கும்பல் கூடி மரத்தில் தொங்கவிட்டும் எரித்தும் கொன்ற கருப்பர்கள், 1882 முதல் 1968 வரை கணக்கில் ஏறினவர்கள் மாத்திரம் 3,446 பேர். கணக்கில் ஏறாதவர்களை யார் எண்ணினார்கள்?

இத்தனையும் நடந்துகொண்டிருந்த காலத்தில் வெள்ளையர்களுக்குள் ஒற்றுமை வெகு சிறப்பாக வளர்ந்தது. 1913-ம் வருஷம் ஜூலை மாதத்தில், கெட்டிஸ்பர்க் யுத்தம் நடந்து ஐம்பது வருஷமாயிற்று என்று, இரண்டு பட்டாளத்திலும் இருந்த கிழச் சிப்பாய்கள் 50,000 பேருக்கு மேல் அதே மைதானத்தில் கூடி, ஒருவர் கையை ஒருவர் குலுக்கிக்கொண்டார்கள். அவ்வருஷம் மார்ச்சில் பதவியேற்றிருந்த வில்சன் அங்கே வந்து, பழைய சண்டையை மறந்தோம், சகோதரர்களானோம் என்று உருக்கமாகப் பேசினார். அதே வருஷத்தில் அவருடைய மந்திரிகள் வாஷிங்டன் சர்க்கார் ஆபீசுகளில் கருப்புக் குமாஸ்தாக்களைப் பிரித்துத் தனியே உட்கார வைத்தார்கள். அண்ணனும் தம்பியும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். எந்த நிலத்துக்காகச் சண்டை வந்ததோ அந்த நிலத்தில் உழுதவனை வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டு! இதற்குப் பேர் தேசீய ஒற்றுமை.

நிலைமை மாறினது எப்போது? பிரசங்கத்தால் மாறவில்லை. "ஒற்றுமையைக் கெடுக்கின்றான்" என்ற பட்டத்தை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினவர்களால் மாறிற்று. 1965 மார்ச் 7-ந் தேதி அலபாமாவில் செல்மா ஊர்ப் பாலத்தில், ஓட்டுரிமை கேட்டு நடந்துபோனவர்களைப் போலீஸார் தடியாலும் கண்ணீர்ப் புகையாலும் அடித்து விரட்டினார்கள். ஐந்து மாதத்தில், ஆகஸ்டு 6-ந் தேதி, ஓட்டுரிமைச் சட்டம் வந்தது. ஓட்டு விஷயத்தில் அக்கிரமம் செய்து பழகின இடங்கள் ஒரு விதியை மாற்ற வேண்டுமானாலும் முன்கூட்டியே வாஷிங்டனில் அனுமதி வாங்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் உயிர்நாடி. மிஸிஸிப்பியில் அதற்கு முன் ஜாபிதாவில் ஏறியிருந்த கருப்பர் நூற்றுக்கு 7 பேர்கூட இல்லை. 1967-ல் நூற்றுக்கு சுமார் 60 பேர். எழுபத்தைந்து வருஷ உபதேசத்தால் ஆகாதது இரண்டு வருஷச் சட்டத்தால் ஆயிற்று.

நிற்க, 2009-ம் வருஷத்துக்கு வருவோம். "அன்று நீங்களும்தானே சந்தோஷப்பட்டீர்கள்?" என்று நண்பர்கள் நம்மை மடக்குகின்றார்கள். ஆம், பட்டோம். அதை நாம் மறைக்கப் போவதில்லை. ஜனவரி 20-ந் தேதி ஒபாமா அந்த மேடையில் ஏறியபோது 18 லட்சம் பேர் குளிரில் நின்றார்கள் என்று மதிப்பிட்டார்கள். அறுபது வருஷத்துக்குமுன் இதே ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தன் தகப்பனுக்குப் பரிமாறியிருக்க மாட்டார்கள் என்று அவர் சொன்னபோது, நாமும் கண் கலங்கினோம். எச்சில் இலை எடுக்கும் பந்தியில்கூடப் பிரித்து உட்கார வைக்கப்பட்ட பரம்பரையில் வந்தவன் எவனாயிருந்தாலும் அதைக் கேட்டுக் கலங்காமலிருக்க முடியாது. கிறிஸ்தவர், முஸ்லிம், யூதர், இந்து என்று வரிசையாகச் சொல்லி, மத நம்பிக்கை இல்லாதவர்களையும் அந்த நாட்டு ஜனங்களாக அவர் சேர்த்துச் சொன்னதில் நமக்குத் தனிச் சந்தோஷமும் உண்டு.

அன்று நடந்த ஒரு தமாஷையும் சொல்லாமல் விட முடியவில்லை. பிரமாணம் செய்து வைத்த பிரதம நீதிபதி ராபர்ட்ஸ் வார்த்தைகளை முன்பின்னாகச் சொல்லிவிட்டார், ஒபாமாவும் தடுமாறினார். லிங்கனே 1861-ல் கை வைத்த பைபிளைத் தேடிக் கொண்டுவந்து அதன்மேல் சொன்ன பிரமாணம் அது! செல்லுமோ செல்லாதோ என்று சந்தேகம் வந்து, மறுநாள் ஒரு அறைக்குள் வார்த்தை பிசகாமல் இன்னொருமுறை செய்து வைத்தார்கள். அந்த இரண்டாம் தடவை பைபிளே இல்லை. இல்லாமலேயே செல்லுபடியாயிற்று, எட்டு வருஷம் ஆட்சியும் நடந்தது. அந்நாட்டு அரசியல் சட்டத்தில் எழுதியுள்ள பிரமாண வாசகத்தில் கடவுள் என்ற சொல்லே இல்லை என்பதும், எந்த உத்தியோகத்துக்கும் மதப் பரீட்சை வைக்கக் கூடாதென்று அதே சட்டம் சொல்லுகின்றது என்பதும், 1825-ல் ஜான் குவின்ஸி ஆடம்ஸ் சட்டப் புத்தகத்தின்மேல் கை வைத்தே பிரமாணம் செய்தார் என்பதும் நம் வாசகர்கள் தெரிந்திருக்க வேண்டியவை. சந்தர்ப்பம் வந்தபோது சொல்லி வைத்தோம்.

ஆனால் அந்த 18 லட்சம் பேரின் நம்பிக்கை என்னவாயிற்று? செப்டம்பர் மாதத்திலேயே சட்டசபைக் கூட்டத்தில் அவர் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு மெம்பர் "நீ பொய் சொல்லுகின்றாய்" என்று கத்தினார். இவர் இந்த நாட்டில் பிறந்தவரே அல்ல என்று ஒரு கூட்டம் புறப்பட்டது. 2011 ஏப்ரல் 27-ந் தேதி, நாட்டின் தலைவர் தம் பிறப்புச் சீட்டை எடுத்து ஊருக்குக் காட்ட வேண்டியதாயிற்று. அவருக்கு முன்னிருந்த தலைவர்களில் யாரிடத்தில் இப்படி ஒரு கூட்டம் சீட்டுக் கேட்டுப் புறப்பட்டது? அந்தச் சீட்டை வெகு உரக்கக் கேட்டவரே 2017-ல் அதே மேடையில் ஏறினார்.

இது அவமானம். நஷ்டம் வேறிடத்தில் நடந்தது. ஒபாமா இரண்டாம் முறை பதவியேற்ற 2013-ம் வருஷம் ஜூன் 25-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், 1965-ம் வருஷச் சட்டத்தின் உயிர்நாடியை அறுத்தது. காலம் மாறிவிட்டதாம், பழைய கணக்கை வைத்துக்கொண்டு சில இடங்களை மாத்திரம் இனியும் சந்தேகிப்பது தகாதாம். இத்தீர்ப்பை எழுதியவர் யார் தெரியுமா? முன்பின்னாகப் பிரமாணம் செய்து வைத்த அதே ராபர்ட்ஸ்தான். கருப்பரைத் தலைவராக்கி வைத்த கையே கருப்பரின் ஓட்டுக்கிருந்த காவலை எடுத்தது. தீர்ப்பு வந்த அன்றைக்கே டெக்ஸாஸ் ராஜ்யத்தார், இதுவரை தடைபட்டிருந்த தங்கள் ஓட்டர் அடையாளச் சீட்டுச் சட்டம் இனி அமுலுக்கு வரும் என்று அறிவித்தார்கள். இதை எதிர்த்து எழுதிய நீதிபதி கின்ஸ்பர்க் அம்மாள், மழையில் நனையவில்லை என்பதற்காகப் பிடித்திருக்கும் குடையைத் தூக்கி எறிவதற்கு இதை ஒப்பிட்டார். 1877-ல் பட்டாளம் போயிற்று, 2013-ல் அனுமதி முறை போயிற்று. இரண்டு தடவையும் சொன்ன காரணம், நாம் ஒன்றாகிவிட்டோம் என்பதே.

2021-ம் வருஷத்து உற்சவத்தில் நம் ஜில்லாக்காரர்களும் கலந்துகொண்டதால் அதைக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். பைடன் பதவியேற்பதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னேதான் சட்டசபைக் கட்டடத்துக்குள் கும்பல் புகுந்தது. அடிமைகளை வைத்துக்கொள்வதற்காகச் சண்டை போட்ட தெற்கத்தியாரின் கொடியை அந்தக் கும்பலில் ஒருவன் உள்ளே தூக்கிக்கொண்டு நடந்தான். அதனாலும் கொள்ளை நோயினாலும் ஜனங்களை அண்டவிடாமல், சுமார் 25,000 பட்டாளத்தாரை நிறுத்தி, ஜனங்கள் நிற்க வேண்டிய மைதானத்தில் சுமார் 2 லட்சம் கொடிகளை நட்டு வைத்துப் பதவியேற்பு நடந்தது. பைடன் தம் ஆத்மா முழுவதும் ஒற்றுமையிலேயே இருப்பதாகப் பேசினார். 400 வருஷமாக நியாயம் கேட்கும் குரலையும் அவர் சொன்னார் என்பதை ஒப்புக்கொள்ளுகின்றோம்.

உபதலைவரான கமலா ஹாரிஸின் தாய்வழிப் பாட்டனாரின் ஊர் திருவாரூர் ஜில்லா துளசேந்திரபுரம். அங்கே அன்று கோவிலில் சாமிக்குப் பாலாபிஷேகம் செய்து, வெடி வெடித்துக் கொண்டாடினார்கள். ஊரார் சந்தோஷப்பட்டதில் குற்றமில்லை. ஒரு பெண் இவ்வளவு உயரம் போனாளே என்று ஒரு சிறுமி அந்த ஊரில் நினைத்திருந்தால் அது நல்லதே. ஆனால், ஓட்டுப்போட்டவர்கள் ஜார்ஜியாவிலும் பென்ஸில்வேனியாவிலும் மணிக்கணக்காக வரிசையில் நின்ற கருப்புக் கிழவிகள். பால் ஊற்றினது அய்யனார் தலையில்! 2024-ல் அந்த அம்மாள் தேர்தலில் தோற்றாரே, அப்போது அய்யனாருக்குப் பால் குறைந்துவிட்டதா?

அந்த வரிசையில் நின்றவர்களுக்குக் கிடைத்த பரிசைக் கேளுங்கள். 2021 ஜனவரி 5-ந் தேதி ஜார்ஜியா ராஜ்யம் தன் சரித்திரத்தில் முதன்முறையாக ஒரு கருப்பரை, வார்னாக் என்பவரை, செனட்டுக்குத் தேர்ந்தெடுத்தது. மார்ச் 25-ந் தேதி அந்த ராஜ்யத்தார் ஒரு தேர்தல் சட்டம் செய்தார்கள். அதன்படி ஓட்டுச்சாவடிக்கு 150 அடிக்குள் வரிசையில் நிற்பவருக்கு மற்றொருவர் தண்ணீரோ தின்பண்டமோ கொடுப்பது குற்றம். (அதிகாரிகள் வேண்டுமானால் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைக்கலாம், அவரவர் போய் எடுத்துக் குடிக்கலாம் என்று ஒரு தயவு!) சித்திரை வெயிலில் வழிப்போக்கனுக்கெல்லாம் மோர்ப் பந்தல் வைக்கின்ற ஊர்க்காரர்கள் நாம். ஓட்டுப்போட நிற்கின்றவனுக்குத் தண்ணீர் கொடுத்தால் தண்டனை என்று ஒரு நாகரிக தேசத்தில் சட்டமிருக்கின்றது என்று சொன்னால் நம் கிராமவாசிகள் நம்பமாட்டார்கள். இதுபோன்ற சட்டங்களைத் தடுப்பதற்காகக் கொண்டுவந்த மசோதா 2022 ஜனவரி 19-ந் தேதி செனட்டில் முறிந்துபோயிற்று. ஒற்றுமைப் பிரசங்கத்துக்கு ஒரு வருஷம் நிறைய ஒரு நாள் பாக்கி.

"பழங்கணக்கையே பேசிக்கொண்டிருந்தால் ஒற்றுமை எப்படி வரும்?" என்பது நண்பர்களின் கடைசிக் கேள்வி. பழங்கணக்கா? 2022-ம் வருஷத்திய அமெரிக்க சர்க்கார் பாங்கின் கணக்குப்படி, நடுத்தரத்திலுள்ள வெள்ளைக் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர். நடுத்தரத்திலுள்ள கருப்புக் குடும்பத்தின் சொத்து 44,900 டாலர். இது பாட்டன் கணக்கல்ல, நேற்றைய கணக்கு. பொதுச் சொத்தைத் தன் பேரில் எழுதி வைத்துக்கொண்டிருக்கின்ற அண்ணன், பங்கு கேட்க வந்த தம்பியைப் பார்த்து "குடும்ப ஒற்றுமையைக் கெடுக்காதே" என்று சொன்னால், எந்தப் பஞ்சாயத்தில் ஒப்புக்கொள்ளுவார்கள்? பத்திரத்தை எடு என்றுதானே முதலில் கேட்பார்கள்? உறவு கொண்டாடுவதா வேண்டாமா என்பதைத் தம்பி அப்புறம் தீர்மானித்துக் கொள்ளுவான்.

1949 நவம்பர் 25-ந் தேதி இந்திய அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இந்த அமெரிக்காவைப் பற்றியே ஒரு கதை சொன்னார். அங்கே ஒரு கிறிஸ்தவ சபையார் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பிரார்த்தனை எழுதினார்களாம். "எங்கள் தேசத்தை ஆசீர்வதியும்" என்று எழுதினதற்கு, நாம் ஒரே தேசமென்று எப்படிச் சொல்லலாம் என்று ஆட்சேபம் கிளம்பி, மறுநாளே "இந்த ஐக்கிய நாடுகளை" என்று மாற்றினார்களாம். அவர்களே அப்படியென்றால், ஆயிரக்கணக்கான ஜாதியாகப் பிரிந்து கிடக்கும் நாம் ஒரு தேசம் என்று எப்படிச் சொல்லிக்கொள்ள முடியும் என்று கேட்டார். தேசமாக இன்னும் ஆகவில்லை என்று எவ்வளவு சீக்கிரம் உணருகின்றோமோ அவ்வளவுக்கு நல்லது என்றும் சொன்னார். அன்று அவரையும் ஒற்றுமைக்கு விரோதி என்று சொன்னவர்கள் இருந்தார்கள்.

நம்பிக்கையே வேண்டாமென்று நாம் சொல்லுவதாக யாரும் நினைக்க வேண்டியதில்லை. செல்மா பாலத்தில் மண்டை உடைபட்டவர்களுக்கு இருந்தது நம்பிக்கைதான். அது இல்லாவிட்டால் பாலத்துக்கே போயிருக்க மாட்டார்கள். அவர்கள் மேடையைப் பார்த்து நம்பவில்லை, தங்கள் காலைப் பார்த்து நம்பினார்கள். மேடையைப் பார்த்து நம்பினவர்கள் 1877-லும் ஏமாந்தார்கள், 2009-லும் ஏமாந்தார்கள். அந்த இரண்டாவது ஜாபிதாவில் நம்முடைய பேரும் இருக்கின்றது.

முறைப்படி அடுத்த பதவியேற்பு 2029 ஜனவரி 20-ந் தேதி வருகின்றது. யார் ஏறுவார் என்று நாம் ஜோசியம் சொல்லப் போவதில்லை. யார் ஏறினாலும் அதே பல்லவியைப் பாடுவார் என்பதற்கு மாத்திரம் ஜோசியம் வேண்டியதில்லை. நண்பர்கள் அன்று அந்தப் பேச்சை ஆசை தீரக் கேட்கட்டும். கண் கலங்கினாலும் நாம் பரிகாசம் செய்யமாட்டோம். கேட்டு முடித்ததும், ஜார்ஜியாவில் ஓட்டுச்சாவடி வரிசையில் நிற்கின்ற கிழவிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கலாமா, கூடாதா என்று விசாரித்து நமக்கு ஒரு கார்டு எழுதிப் போடட்டும்.